நிருபர்கள் கொடுக்கும் விலை

அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையைச் சார்ந்த 280-க்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்கள், கருத்துப் பக்கங்களில் தகவல்கள் சரிவரச் சோதிக்கப்படுவதில்லை என்று கையொப்பமிட்டு 2020 ஜூலையில் அதன் வெளியீட்டாளருக்கு எழுதிய கடிதத்துக்கு, அந்தப் பக்கங்களை நடத்துகிறவர்கள் இரண்டே நாட்களில் வாசகர்களை நோக்கி வெளியிட்ட பதில் நமக்கு மிகுந்த விசனத்தைத் தருகிறது. கடிதம் எழுதியவர்களின் கவலைகள் தங்கள் பொறுப்பல்லவாம். நெருக்குதலுக்குத் தாங்கள் பணியப்போவதும் இல்லையாம். பணியும்படி யார் கேட்டார்கள்? கருத்து வேறு, செய்தி வேறு என்பது வாசகருக்கு விளங்கும்படி செய்யுங்கள், கருத்துக் கட்டுரையிலுள்ள பிழையைச் சுட்டி எழுதும் நிருபரைக் கண்டிக்காதீர்கள் என்பவைதாம் அவர்கள் முன்வைத்த பிரதான கோரிக்கைகள். கொரோனாவின் இரண்டாவது அலை என்று ஒன்று இல்லை என அப்போதைய உப ஜனாதிபதி மைக் பென்ஸ் 2020 ஜூன் மாதம் எழுதிய கட்டுரையை, அரசாங்கத்தின் கணக்கோடு ஒத்துப் பார்க்காமலே பிரசுரித்துவிட்டுப் பிறகு திருத்தம் போட்டதை அக்கடிதம் எடுத்துக்காட்டுகிறது. இதற்கு அப்பதிலில் சமாதானம் ஏதும் இல்லை.

கவலைகள் தங்கள் பொறுப்பல்ல என்னும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நம்மால் சகிக்க முடியவில்லை. 2020 பிப்ரவரி 3-ஆம் தேதி, சீனாவைத் தொற்றுநோய் வாட்டிக்கொண்டிருந்த சமயத்தில், அந்நாட்டை 'ஆசியாவின் நோயாளி' என்று வர்ணிக்கும் தலைப்பு அதே கருத்துப் பக்கத்தில் ஒரு பத்திக் கட்டுரைக்கு இடப்பட்டது. அந்நியர் கையில் அவமானப்பட்ட காலத்தின் நினைவு சீனர்கள் நெஞ்சில் அந்தச் சொல்லோடு எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பது, பீகிங்கில் சில மாதங்கள் வசித்த எந்த நிருபருக்கும் தெரியும். அவர்களில் ஒருவரையாவது கலந்து ஆலோசித்திருந்தால் அத்தலைப்பு அச்சேறியிராது. பதினாறாம் நாள், அதே பத்திரிகையின் நிருபர்கள் மூவரின் அனுமதிச் சீட்டுகளைச் சீன அரசாங்கம் ரத்துசெய்து, ஐந்து நாட்களுக்குள் நாட்டைவிட்டு வெளியேறும்படி உத்தரவிட்டது. அவர்களில் ஒருவர் அப்போது வூஹான் நகரத்திலேயே இருந்து, நோயின் நடுவில் செய்தி சேகரித்துக்கொண்டிருந்தவர். மூவரில் எவருக்கும் அத்தலைப்போடு யாதொரு சம்பந்தமும் கிடையாது. பத்தி எழுதியவரும் தலைப்பிட்டவரும் அமெரிக்காவில் சௌக்கியமாக இருந்தார்கள். சீன அரசாங்கம் செய்தது அக்கிரமம். அதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆயினும் தலைப்பை மாற்றி வருத்தம் தெரிவிக்கும்படி 53 பேர் எழுதிக் கேட்டுக்கொண்ட பிறகும் மேலிடத்தார் அசையவில்லையே, அதற்கு என்ன நியாயம் சொல்லமுடியும்? தாங்கள் எழுதாத சொல்லுக்காகப் பிழைப்பிடத்தை இழந்தவர்களின் சகாக்களைப் பார்த்து, உங்கள் கவலை எங்கள் பொறுப்பல்ல என்று சொல்ல எப்படி மனம் வந்தது?

இவர்களுடைய அசிரத்தை புதியதன்று. 2013 செப்டம்பரில், சில துளி ரத்தத்திலேயே எல்லாப் பரிசோதனைகளையும் செய்துவிடலாம் என்று முழங்கிய தெரனாஸ் கம்பெனியின் எலிசபெத் ஹோம்ஸைப் பேட்டி கண்டு, வானளாவப் புகழ்ந்தது இதே கருத்துப் பக்கம். இரண்டு ஆண்டுகள் கழித்து, வழக்கறிஞர்களின் மிரட்டலுக்கு அஞ்சாமல், ஊழியர்களையும் மருத்துவர்களையும் தேடிப்பிடித்து விசாரித்து அந்தப் புரட்டை வெளிப்படுத்திய ஜான் கேரிரூ, அன்று இதே பத்திரிகையின் செய்திப் பகுதி நிருபர். பத்திரிகையின் உரிமையாளரே அந்தக் கம்பெனியில் 12.5 கோடி டாலர் போட்டிருந்தும் செய்தி நிற்கவில்லை என்பதை நாம் மனமாரப் போற்றுகிறோம். ஆனால் அந்தப் பேட்டியிலிருந்து கருத்துப் பக்கத்தார் கற்றுக்கொண்டது என்ன? மேலிடத்தாரின் போக்கும் இப்படித்தான்: 2007-இல் பத்திரிகை கைமாறியபோது, ஆசிரியர் குழுவின் சுதந்திரத்தைக் காப்பதற்கென்று ஒரு விசேஷக் குழு பிரமாதமாக நியமிக்கப்பட்டது. மறு வருஷமே நிர்வாக ஆசிரியர் விலகியபோது, காரியம் முடிந்த பிறகுதான் அக்குழுவுக்குச் சேதி போயிற்று. கொடுத்த வாக்கை அன்றே காற்றில் பறக்கவிட்டவர்களிடம் இன்று பொறுப்புணர்ச்சியை எதிர்பார்ப்பது வீண்தானோ என்னவோ.

அபிப்பிராய சுதந்திரம் என்ற பெயரால் பிழையான எண்ணுக்குப் பாதுகாப்புத் தேடுவதை எந்தப் பத்திரிகா தர்மமும் அங்கீகரிக்காது. சந்தையில் பணம் போடுகிறவன் இந்தப் பத்திரிகையை நம்புவது அதன் எண்களுக்காக. அந்த எண் எந்தப் பக்கத்தில் அச்சாகிறது என்று அவன் பார்ப்பதில்லை. ஆகவே செய்திப் பக்கத்துக்கு உள்ள கண்டிப்பு கருத்துப் பக்கத்துக்கும் ஏற்படும்படி மேலிடத்தார் தக்க ஏற்பாடு ஒன்றை உடனே செய்யவேண்டும். அதற்கு முன்பாக, கவலைகள் தங்கள் பொறுப்பல்ல என்ற அந்த வாக்கியத்தை வாபஸ் பெறவேண்டும்.