தண்ணீர் கேன் இல்லாத ஹால்

வீட்டு அலங்காரப் பொருள் விற்கும் இணையதளத்துக்குள் இப்போது நுழைந்தாலே ஒரு பரீட்சை வைக்கிறார்கள். உங்கள் ஸ்டைல் என்ன, இரண்டே நிமிடத்தில் சொல்லிவிடுகிறோம் என்கிறார்கள். படங்கள் ஜோடி ஜோடியாக வரும். சாம்பல் சோபாவா, பச்சை சோபாவா? மூங்கில் விளக்கா, பித்தளை விளக்கா? பிடித்ததைத் தொட வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு பாணியின் பெயர் ஒட்டியிருக்கிறது. எந்தப் பெயருக்கு மதிப்பெண் கூடுகிறதோ அதுதான் நாம். ஆனால் ரிசல்ட் வேண்டுமென்றால் முதலில் மெயில் ஐடி. கொடுத்தேன். நான் ஸ்காண்டிநேவியன் என்று வந்தது. அமைதியை விரும்புபவளாம், எளிமையானவளாம், ஆனாலும் அழகில் விட்டுக்கொடுக்க மாட்டேனாம். ராசிபலன் மாதிரி, யாருக்குச் சொன்னாலும் தலையாட்டுவார்கள்.

ஸ்காண்டிநேவியனாக இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் வீட்டுக்குத்தான் இருக்கிறது. டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பகலே ஆறு மணி நேரம்தான். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சமும் வீணாகக் கூடாதென்று அந்த ஊர்க்காரர்கள் சுவருக்கு வெள்ளையடித்து, வெளிர் மரத்தில் மேஜை செய்து, ஜன்னலுக்குத் திரைகூடப் போடாமல் விடுகிறார்கள். எனக்கு வாய்த்ததோ மேற்குப் பார்த்த ஹால், அதுவும் சென்னையில். வெயிலை எப்படி வெளியே நிறுத்துவது என்பதுதான் என் கவலை. இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. மே மாதத்தில் எனக்கு ஆட்டுத்தோல் விரிப்பு சிபாரிசு செய்து மெயில் வருகிறது.

'இண்டஸ்ட்ரியல்' என்று இன்னொன்று. 1960களில் நியூயார்க்கின் சோஹோ பகுதியில், காலியாகிக்கொண்டிருந்த தொழிற்கூடங்களில் கையில் காசில்லாத ஓவியர்கள் குடியேறினார்கள். பூசாத செங்கல், வெளியே தெரியும் குழாய் எல்லாம் அவர்கள் விரும்பி வைத்ததல்ல, இருந்ததோடு குடித்தனம் நடத்தியது. அதுவே இங்கே செங்கல் படம் போட்ட வால்பேப்பராகச் சதுர அடிக் கணக்கில் விற்பனைக்கு வருகிறது. படத்தைப் பார்த்த என் மாமியார் கேட்டது ஒரே கேள்வி: "ஏம்மா, கொத்தனார் பாதியில போயிட்டாரா?"

என் ஆதங்கம் பாணிகள் மேல் இல்லை. இந்தத் தளங்களை வடிவமைக்கிறவர்கள் எல்லா வீட்டையும் காலி வீடாக நினைத்துக்கொள்கிறார்களே, அதன் மேல்தான். அந்தப் படங்களை உற்றுப் பாருங்கள். ஒரு சுவிட்ச்போர்டு இருக்காது, ஒயர் இருக்காது, ஃபேன் இருக்காது. ஜன்னலில் கொசுவலை கிடையாது. இன்வர்ட்டர் பேட்டரி இல்லை, 20 லிட்டர் தண்ணீர் கேன் இல்லை, மழைநாளில் ஈரத்துணி காயும் ஸ்டாண்டு இல்லை. கல்யாணத்தில் சீராக வந்த, விற்கவும் முடியாமல் நகர்த்தவும் முடியாமல் நிற்கும் இரும்பு பீரோ இல்லை. மாமனாரின் மாலை போட்ட படத்துக்கும் அதன் சிவப்பு பல்புக்கும் எந்தப் பாணியிலும் இடமில்லை. பல படங்கள் கேமராவில் எடுத்தவையே அல்ல. 2006-லேயே ஐகியா தன் கேட்டலாகில் ஒரு மர நாற்காலியைக் கணினியில் உருவாக்கி அச்சிட்டது. யாருமே குடியிருக்காத அறையைக் காட்டி, இதில் எது நீங்கள் என்று கேட்டால் நான் எதைத் தொடுவது?

கேட்க வேண்டியதா இல்லை? சொந்த வீடா, வாடகையா என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஹவுஸ் ஓனர் சொல்லியிருக்கும் வீட்டுக்கு 'கேலரி வால்' எதற்கு? சாப்பிடுவது மேஜையிலா, தரையிலா? ஊரிலிருந்து ஆள் வந்தால் ஹாலில் பாய் விரிக்க இடம் வேண்டுமா? நவராத்திரிக்கு கொலு வைப்பீர்களா? வைப்பதென்றால் அந்த ஒன்பது நாளும் சோபா எங்கே போகும்? கடலிலிருந்து எவ்வளவு தூரம்? பெசன்ட் நகரில் இரும்புக் கால் வைத்த மேஜைக்கு என்ன கதி என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டால் தெரியும். இவர்களோ நாங்கள் காபி குடிப்பவர்களா, டீ குடிப்பவர்களா என்று கேட்கிறார்கள்.

நம் ஊர்ச் சரக்கும் இருக்கிறது, 'எத்னிக்' என்ற ஒரே மூட்டையில். ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகைமேல் கையாலேயே வண்ணம் ஊற்றி, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்துச் செய்யும் தரைக்கல், இங்கே உரித்து ஒட்டும் ஸ்டிக்கர். பத்தமடைக் கோரைப்பாயைச் சுவரில் மாட்டச் சொல்கிறார்கள்.

கடை என்றால் விற்கத்தான் செய்யும், அது புரிகிறது. புதிதாக வருகிறவரைப் பற்றி அவர்களிடம் ஒரு தகவலும் இருக்காது. படம் காட்டி அதைக் கறந்துகொள்ளத்தான் இந்தப் பரீட்சை. சரி, வியாபாரமாகவே பார்ப்போம். எங்கள் அடுக்ககத்தில் ஒருவர் வாங்கிய எல் வடிவ சோபா லிஃப்டில் நுழையவில்லை, படிக்கட்டிலும் திரும்பவில்லை. ரசீதைக் காட்டி, சண்டை போட்டு, திருப்பி அனுப்பினார். வாசல் அகலம் என்ன என்று ஒரு கட்டம் வைத்திருந்தால் இரண்டு பக்கமும் வண்டிச் சத்தம் மிச்சமாகியிருக்கும்.

கடைசியில் கார்பென்டரைக் கூப்பிட்டேன். உள்ளே வந்தவர் எந்தப் படத்தையும் நீட்டவில்லை. டேப்பை எடுத்து அளந்துகொண்டே, "எம்மா, இன்வர்ட்டர் எங்க வரும்? பெரியவங்க யாராவது இருக்காங்களா? உக்கார்ற பலகைய ரெண்டு இஞ்சு ஏத்திடலாமா?" என்று கேட்டார். வேலை திங்கட்கிழமை ஆரம்பம் என்று அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போனார். எந்தத் திங்கள் என்று சொல்லவில்லை. அது தனி ஆதங்கம்.