ஏழுக்கு இரண்டு

அடுத்த நீண்ட விடுமுறைக்கு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஓட்டெடுப்பு நடந்தது. ஹாட்யாயா, சொங்க்லாவா? ஏழுக்கு இரண்டு என்று ஹாட்யாய் ஜெயித்தது. ஒன்பது பேரும் பட்டதாரிகள். அதில் மூன்று பேர் நாவல் வாசிப்பவர்கள், இலக்கியக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்பவர்கள். கோபமே அவர்கள்மேல்தான்.

"சொங்க்லாவுல என்னடா இருக்கு? அரை நாள் போதும்." வென்ற தரப்பின் மொத்த வாதமும் இவ்வளவுதான். சொன்னவன் அங்கே போனதே இல்லை.

நானும் யோக்கியன் இல்லை. பெர்லிஸில் பொறியியல் படித்த நான்கு வருடத்தில் ஹாட்யாய்க்கு எத்தனை தடவை போனேன் என்று கணக்கு வைக்கவில்லை. பாடாங் புசாரில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரம்தான். தாய்லாந்துக் கடிகாரமும் ஒரு மணி நேரம் பின்தங்கியிருப்பதால், புறப்பட்ட நேரத்துக்கே போய்ச் சேர்ந்த மாதிரி இருக்கும். கிம் யோங் சந்தையில் முந்திரி, பொரித்த வெங்காயம் தூவிய கோழி, ஒரு மசாஜ், திரும்பு. அந்தக் கோழியைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்து மேசையில் கெடாக்காரர், எதிர் மேசையில் பினாங்குக்காரர். கடைக்காரர் மலாயில் விலை சொல்லி ரிங்கிட்டையே வாங்கிக்கொள்கிறார். சுங்கைப் பட்டாணி பாசார் மாலாமைக் கொஞ்சம் வடக்கே தள்ளி வைத்தது போல. இதற்கு பாஸ்போர்ட் ஒரு கேடா?

அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் சொங்க்லா. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல், நடுவே பழைய ஊர். நகோன் நோக் தெருவில் சிவப்புச் சுவர் வைத்த பழைய அரிசி ஆலை. 1878இல் கட்டிய சீன மாளிகை இப்போது அருங்காட்சியகம். ஏரி கடலில் சேரும் இடத்துக்கு அக்கரையில் 17ஆம் நூற்றாண்டில் ஒரு சுல்தானகமே இருந்தது. சிங்கோரா என்று பெயர். 1680இல் சயாம் அதை அழித்தது. நம்மவர்கள் வந்தால் கடற்கரையில் கடற்கன்னி சிலையோடு படம் எடுத்துவிட்டு வேனில் ஏறிவிடுகிறார்கள். அரை நாள் என்பது அந்தச் சிலைக்கான நேரம்.

பெரிய ஊராக இருந்தது சொங்க்லாதான். தெற்கு ரயில் பாதை அதை ஒதுக்கிவிட்டு உள்நாட்டு வழியாகப் போனது; சந்திப்பு நிலையம் வந்த ஹாட்யாய் வளர்ந்தது. சொங்க்லாவுக்கு ஒரு கிளைப் பாதை மிஞ்சியது, அதையும் 1978இல் மூடிவிட்டார்கள். எனக்கு இது தொழில் சம்பந்தப்பட்ட ஆர்வம், விடுங்கள்.

விட முடியாதது வேறு. 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள் என்று நமக்கு மனப்பாடம். அதே நாளில் சொங்க்லா கடற்கரையிலும் இறங்கினார்கள். அங்கிருந்து சாடாவ் வழியாக எல்லை தாண்டி ஜித்ராவுக்கு வந்தது அந்தப் படை. நாம் மலிவு ஷாப்பிங்குக்குக் காடி ஓட்டிப் போகும் அதே பக்கம், எதிர்த் திசையில். பிறகு என்ன நடந்தது என்பதை அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்', ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' இரண்டையும் அலமாரியில் வைத்திருக்கும் என் நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஹாட்யாய்க்கு ஓட்டுப் போட்டது அவர்கள்தான்.

"லீவுக்குப் போறோமா, சரித்திர வகுப்புக்கா?" என்று கேட்டான் ஒருவன். யாரும் அழச் சொல்லவில்லையே அப்பா. கணக்கை மாற்றிப் போடு என்கிறேன். இரண்டு இரவு சொங்க்லாவில் தங்கு, அரை நாள் ஹாட்யாய் போய்க் கோழி சாப்பிடு. கியோத்தோ, இஸ்தான்புல் என்று பயணக் கட்டுரை எழுதுவதற்கு ஒரு வருடம் பணம் சேர்க்கிறவர்களுக்கு, எல்லைக்கு அந்தப் பக்கம் நம் கதை தொடங்கிய கடற்கரை மட்டும் ஏன் 'ஒண்ணுமில்லாத ஊர்' ஆகிவிடுகிறது?

என் தாத்தாவின் அண்ணனை 1943இல் கெடாவில் ஒரு தோட்டத்திலிருந்து ரயில் போடக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. வீட்டில் அவர் படம்கூட இல்லை. கெடாவிலிருந்து பான் போங்குக்குப் போன ரயில் பாடாங் புசார் தாண்டி ஹாட்யாய் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். வேறு தண்டவாளம் கிடையாது. இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அதே நிலையத்தில், பெயர்ப்பலகைக்குக் கீழே இரண்டு விரல் காட்டி நான் எடுத்த படம் இன்னும் இன்ஸ்டாகிராமில் இருக்கிறது. கீழே 'வெளிநாடு' என்று போட்டிருக்கிறேன்.

எனக்கு சொங்க்லாவில் அறை போட்டாகிவிட்டது. என்னோடு ஓட்டுப் போட்ட இன்னொருத்தி நேற்று இரவு தனியாக மெசேஜ் அனுப்பினாள்: "அங்கயும் அந்தக் கோழி கிடைக்கும்தானே?"

கிடைக்கும்.