கீமோ வேண்டுமா, வேண்டாமா? கட்டியின் மரபணுக்கள் சொல்லும் பதில்

மார்பகப் புற்றுநோய் என்று உறுதியானதும் குடும்பத்தில் எழும் முதல் கேள்வி, "கீமோ போடணுமா டாக்டர்?" என்பதுதான். கட்டியின் அளவையும் அக்குளில் நெறிகட்டியிருக்கிறதா என்பதையும் பார்த்து முன்பு பதில் சொன்னார்கள். இப்போது கட்டிக்குள் எந்த மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று அளந்தும் சொல்கிறார்கள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். செக்ரோலில் எல்லார் பெயரும் இருக்கும். காலைப் பெரட்டுக்கு வந்தது யார், எவ்வளவு பால் எடுத்தார்கள் என்பது வேறு கணக்கு. உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் ஒரே மரபணுப் பட்டியல்தான் இருக்கிறது. அதில் எவை வேலைக்கு வந்திருக்கின்றன என்பதே மரபணு வெளிப்பாடு. இது பரம்பரை நோயைத் தேடும் பிஆர்சிஏ சோதனை அல்ல. இதன் முடிவு மகளின் உடலைப் பற்றி எதுவும் சொல்லாது. கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று நோயையே மறைக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இவற்றில் பெயர் பெற்றது 'ஆன்கோடைப் டிஎக்ஸ்'. அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியில் 21 மரபணுக்களை அளந்து 0 முதல் 100 வரை மதிப்பெண் தருவார்கள். 10,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 'டெய்லர்எக்ஸ்' ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. ஹார்மோன் சார்ந்த, ஹெர்2 இல்லாத, நெறிக்குப் பரவாத புற்றுநோயில் 11 முதல் 25 வரை மதிப்பெண் பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஹார்மோன் மாத்திரையே போதும் என்று அது காட்டியது. 50 வயதும் அதற்குக் குறைவும் உள்ளவர்களில் மதிப்பெண் 16 அல்லது அதற்கு மேல் இருந்தால் கீமோவால் ஓரளவு பலன் தெரிந்தது.

இங்கேதான் சிக்கல். அரசாங்க மருத்துவமனையில் கீமோ மிகக் குறைந்த செலவில் கிடைக்கும். அந்தக் கீமோவே தேவையில்லை என்று சொல்லக்கூடிய சோதனைக்கோ பெரும்பாலும் சொந்தப் பணத்தில் பல ஆயிரம் ரிங்கிட் கட்ட வேண்டும். அதோடு, இது ஆரம்பக் கட்ட நோய்க்கான சோதனை. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, நம் நாட்டில் மார்பகப் புற்றுநோய் கண்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்பட்டார்கள். பணமிருந்தாலும் அவர்களில் பெரும்பாலோருக்கு இந்தச் சோதனை உதவாது.

கட்டிக்குள் உடலின் எதிர்ப்புச் சக்தி நுழைந்திருக்கிறதா என்பதையும் மரபணு வெளிப்பாட்டில் பார்க்கலாம். கேன்சர் ரிசர்ச் மலேசியா ஆய்வாளர்கள் மலேசியப் பெண்களின் 560 கட்டிகளை ஆராய்ந்து 2020இல் முடிவுகளை வெளியிட்டனர். மேலை நாட்டுப் பெண்களின் கட்டிகளைவிட இவற்றில் எதிர்ப்புச் சக்தியின் தடயம் அதிகம். நோயெதிர்ப்பு சிகிச்சை இங்கே கூடுதலாகப் பலன் தருமா என்ற கேள்வி அதிலிருந்து எழுந்தது. தடயம் இருப்பதாலேயே மருந்து வேலை செய்யும் என்று ஆகிவிடாது. மேலும், அந்த 560 பேரில் பெரும்பாலோர் சீனப் பெண்கள். நம் பெண்களின் கட்டிகளும் அப்படித்தானா என்று அறிய, நம்மவர்கள் ஆய்வுகளில் சேர வேண்டும்.

சிகிச்சையில் இருப்பவர்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நோயியல் அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். இஆர், பிஆர், ஹெர்2 முடிவுகள் அதில் இருக்கும். இந்தச் சோதனை உங்களுக்குப் பொருந்துமா என்று அதைக் காட்டி டாக்டரிடம் கேட்கலாம்.