துப்புத் துலங்காத தொடர்கள்

அண்மையில் ஒரு சனி, ஞாயிறு முழுவதையும் குற்றப் புலனாய்வுத் தொடர் ஒன்றுக்குத் தாரை வார்த்தேன். எட்டுப் பகுதிகள், பகுதிக்கு முக்கால் மணி நேரம். ஆக ஆறு மணி நேரம் செலவிட்ட பிறகு மிஞ்சியது ஏமாற்றம் மட்டுமே. தொடரின் பெயர் இங்கே தேவையில்லை. ஒரு தொடரின் குறை என்றால் மறந்துவிடலாம். இன்று வெளியாகும் பல தொடர்களுக்கும் பொதுவான நோய் அது.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. மழை இரவு, ஏரிக்கரை, இளம்பெண் ஒருத்தியின் சடலம், பணியிட மாற்றத்தில் புதிதாக வந்து சேர்ந்த காவல் ஆய்வாளர். முதல் பகுதி முடிந்தபோது வீட்டில் அனைவரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் பகுதியில் ஐயம் எழுந்தது. ஐயத்துக்குரியவர்களாகக் காட்டப்பட்ட மூவரும் ஒருவர் பின் ஒருவராகக் காரணமின்றிக் கதையிலிருந்து விலகினர். ஐந்தாம் பகுதி முழுவதையும் ஆய்வாளரின் மணமுறிவும் மதுப்பழக்கமும் விழுங்கிவிட்டன. ஏழாம் பகுதியில், அதுவரை ஒரு காட்சியில்கூடத் தலைகாட்டாத ஒருவர் கொலையாளியாக அறிமுகமானார். "இவர் யார்?" என்று கேட்டார் என் மனைவி. இயக்குநரிடமே விடை இருக்குமா என்பது ஐயம்தான்.

இறுதிப் பகுதியில் அந்த மனிதரை ஓர் அறையில் கட்டிவைத்து ஆய்வாளர் அடிக்கிறார். பின்னணி இசை உச்சத்தைத் தொடுகிறது. ஐந்து நிமிடங்களில் முழு உண்மையும் அருவியாகக் கொட்டுகிறது. அப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் சொன்னாள்: "முதல் நாளே பிடித்து அடித்திருந்தால் சொல்லியிருப்பாரே, அப்பா. இதற்கு எதற்கு எட்டு எபிசோடு?"

நாங்கள் சிரித்தோம். ஆனால், அந்தக் கேள்வி இரவெல்லாம் என்னை உறங்கவிடவில்லை. திரைக்கதையின் தோல்வியை அவள் ஒரே வரியில் சுட்டிவிட்டாள். கூடவே, தொடர் அவளுக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தையும் அறியாமலே ஒப்பித்துவிட்டாள்.

துப்பறியும் கதை என்பது எழுதியவருக்கும் படிப்பவருக்கும் இடையிலான ஓர் ஒப்பந்தம். இங்கிலாந்தைச் சேர்ந்த கத்தோலிக்கப் பாதிரியாரும் துப்பறியும் கதை எழுத்தாளருமான ரொனால்ட் நாக்ஸ், 1929-இல் இத்தகைய கதைகளுக்குப் பத்து விதிகளை வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வாசகருக்கு அறிமுகமாகிவிட வேண்டும் என்பது முதல் விதி. தற்செயல் நிகழ்வு துப்பறிபவருக்குக் கைகொடுக்கக் கூடாது, கிடைத்த தடயங்களை வாசகரிடமிருந்து மறைக்கக் கூடாது என்பன வேறு சில. இவற்றைச் சடங்காகப் பின்பற்ற வேண்டியதில்லை. பெரிய எழுத்தாளர்கள் அவற்றை மீறியும் வென்றிருக்கிறார்கள். ஆனால், விதிகளின் சாரம் ஒன்றே: உண்மையை நியாயமான வழியில் கண்டடைய வேண்டும்.

தமிழருக்கு இந்த ஒப்பந்தம் புதிதன்று. தேவனின் 'துப்பறியும் சாம்பு' தற்செயலால் வெற்றி பெறுபவர்தான். ஆனால், அந்தத் தற்செயலையே நகைச்சுவையாக்கிக் காட்டியதால் அங்கே வாசகர் ஏமாறவில்லை. சுஜாதா படைத்த கணேஷும் வசந்தும் வழக்குரைஞர்கள். சாட்சியத்தின் எடை அறிந்தவர்கள் அவர்கள். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் மாத நாவல்களைப் பேருந்து நிலையக் கடைகளில் வாங்கி, ஊர் போய்ச் சேர்வதற்குள் கொலையாளியை ஊகித்துவிட முயன்ற தலைமுறை என்னுடையது. அந்த வாசகனை இன்றைய தொடர்கள் ஏன் இவ்வளவு குறைத்து மதிப்பிடுகின்றன?

பெருஞ்செலவு செய்யாமலே இதைச் செம்மையாகச் செய்ய முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2023-இல் வெளியான மலையாளத் தொடரான 'கேரளா கிரைம் ஃபைல்ஸ்' ஆறே பகுதிகள் கொண்டது. தங்கும் விடுதியில் ஒரு பெண் கொல்லப்படுகிறார். காவலர்களின் கையில் இருப்பது விடுதிப் பதிவேட்டில் எழுதப்பட்ட போலி முகவரி மட்டுமே. அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வீடு வீடாக அலைவதுதான் கதை. 2012 தில்லிக் கொடூரத்தை அடிப்படையாகக் கொண்ட 'டெல்லி கிரைம்', வசதியும் ஆளும் போதாத ஒரு காவல் துறையைக் காட்டியது. 2020-இல் சிறந்த நாடகத் தொடருக்கான சர்வதேச எம்மி விருதையும் பெற்றது. தமிழிலேயே 2022-இல் வந்த 'விலங்கு', ஒரு காவல் நிலையத்தின் அன்றாடத்தை, அதன் சலிப்போடும் சிறுமைகளோடும் காட்டி நம்மைக் கட்டிப்போட்டது. இவற்றின் விறுவிறுப்பு உழைப்பிலிருந்து பிறக்கிறது. மோசமான தொடர்களோ உழைப்பைத் தவிர்த்துவிட்டு விறுவிறுப்பை இசையமைப்பாளரிடம் ஒப்படைத்துவிடுகின்றன.

உழைப்பைத் தவிர்க்க அவற்றுக்குச் சில குறுக்குவழிகள் உள்ளன. கைப்பேசிக் கோபுரம் குற்றவாளி நிற்கும் அறையையே காட்டிவிடும். நடைமுறையில் கோபுரத் தரவு ஒரு சுற்றுவட்டாரத்தைத்தான் சுட்டும். மரபணு அறிக்கை மாலைக்குள் மேசைக்கு வரும். நடைமுறையில் வாரங்களும் மாதங்களும் ஆவதுண்டு. ஊசி போட்டு உண்மையை வரவழைக்கும் 'நார்கோ' சோதனையும் தவறாமல் இடம்பெறும். ஒருவரின் சம்மதமின்றி அத்தகைய சோதனையை நடத்தக் கூடாது என்று செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் உச்சநீதிமன்றம் 2010-லேயே தீர்ப்பளித்துவிட்டது என்பதை ஏனோ திரைக்கதை எழுதுபவர்கள் இன்னும் அறியவில்லை.

இந்தக் குறுக்குவழிகளில் மிகக் கொடியது அடி. காவல் துறை அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்க முடியாது என்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்திலேயே உள்ள விதி. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள புதிய சட்டமும் 23-ஆம் பிரிவில் அதே விதியைத் தக்கவைத்திருக்கிறது. அவர் கூறியதைக் கொண்டு ஒரு பொருளோ உண்மையோ கண்டுபிடிக்கப்பட்டால், அந்த அளவுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. வலியில் துடிக்கும் மனிதன் உண்மையைச் சொல்வதில்லை. அடி நிற்பதற்கு எது தேவையோ அதைச் சொல்கிறான். ஆங்கிலேய ஆட்சியே தன் காவலர்களை நம்பாமல் எழுதிவைத்த விதி இது. ஆக, நான் பார்த்த தொடரின் உச்சக்காட்சி நீதிமன்றத்தில் காலணாவுக்குப் பெறாது. வழக்கு தோற்கும், கொலையாளி வெளியே வருவார். அதைக் காட்டியிருந்தால்கூட நல்ல தொடராகியிருக்கும்!

பொழுதுபோக்குக்கு இத்தனை சட்டம் எதற்கு என்று கேட்கலாம். 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே, கால்நடை மருத்துவர் ஒருவரின் கொலையில் கைதான நால்வர் காவல் துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். மக்கள் காவலர்கள் மீது மலர் தூவினர். உச்சநீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையமோ, காவல் துறை கூறிய மோதல் கதை நம்பத்தகுந்ததன்று எனக் கண்டறிந்து, பத்து காவலர்கள் மீது கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது. மலர் தூவியவர்களைத் தொடர்களும் திரைப்படங்களும்தான் உருவாக்கின என்று நான் சொல்லமாட்டேன். நீதிமன்றங்களின் தாமதம் உட்பட அதற்குக் காரணங்கள் பல. ஆனால், அந்தக் கைதட்டலை நாம் பல ஆண்டுகளாகத் திரைக்கு முன்னால் பயின்றுவந்திருக்கிறோம் என்பதை மறுக்க இயலாது.

நம் மாநிலத்திலும் வடுக்கள் ஆறவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைக் கடந்து கடையைத் திறந்துவைத்திருந்ததாகக் கூறி அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் உயிருடன் வீடு திரும்பவில்லை. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி ஒருவர், நகை காணாமல்போன புகாரில் விசாரிக்கப்பட்டபோது உயிரிழந்தார். கைதின்போது கடைப்பிடிக்க வேண்டிய நெறிமுறைகளை டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் 1996-இல் வகுத்தது. விசாரணை அறைகள் உட்படக் காவல் நிலையங்களில் கண்காணிப்புக் கேமரா வேண்டும் என 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. அதன் பின்னும் இந்த நிலை.

சாத்தான்குளத்தில் அன்றிரவு நடந்ததை வெளிக்கொணர்ந்ததில் முக்கியப் பங்கு, அதே காவல் நிலையத்தில் பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவருக்கு உண்டு. விசாரணைக்கு வந்த நீதித்துறை நடுவரிடம், உடன் பணிபுரிபவர்களுக்கு எதிராக அவர் வாக்குமூலம் அளித்தார். அச்சம், மனசாட்சி, வேலை, குடும்பம் என எத்தனை முடிச்சுகள் அந்த ஒரு கையொப்பத்தில் இருந்திருக்கும்! நம் தொடர்கள் தேடியும் கிடைக்காத உச்சக்காட்சி இதுதான். அடியால் வருவது வாக்குமூலம் மட்டுமே. உண்மையைக் கொண்டுவருவதற்குத் துணிவு வேண்டும்.

இதற்குத் தணிக்கை தீர்வாகாது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், இணையத் தொடர்களை வயதுவாரியாக வகைப்படுத்தச் சொல்கின்றன. எந்த வயதினர் பார்க்கலாம் என்பதை விதி சொல்லலாம். கதை நேர்மையானதா என்பதை எந்த விதியாலும் சொல்ல முடியாது. இரண்டு மணி நேரக் கதையை எட்டுப் பகுதிகளாக இழுக்கச் சொல்லும் தளங்கள்தான் முதலில் மனம்மாற வேண்டும். படப்பிடிப்புக்கு ஒதுக்கும் பணத்தில் சிறு பகுதியைத் திரைக்கதைக்கு ஒதுக்கி, ஓய்வுபெற்ற புலனாய்வு அதிகாரி ஒருவரையும் குற்றவியல் வழக்குரைஞர் ஒருவரையும் தடய அறிவியல் அறிந்தவர் ஒருவரையும் எழுத்தாளர்களோடு உட்காரவைத்தாலே பாதி நோய் தீரும். மீதிக்கு மருந்து பார்வையாளர்களாகிய நம்மிடம்தான் உள்ளது. 'எப்படிக் கண்டுபிடித்தார்கள்?' என்று நாம் விடாமல் கேட்க வேண்டும். திரையிடம் அதைக் கேட்கப் பழகிய சமூகமே காவல் நிலையத்திடமும் கேட்கும்.

மகளின் கேள்விக்கு மறுநாள் காலை உணவின்போது விடை சொன்னேன். "முதல் நாளே அடித்திருந்தால் அவர் சொல்லியிருப்பார், உண்மைதான். ஆனால், முன்பு பிடித்து வந்த அந்த மூவரை அடித்திருந்தாலும் அவர்களும் 'நான்தான் கொன்றேன்' என்றே சொல்லியிருப்பார்கள்" என்றேன். சற்று யோசித்துவிட்டு அவள் கேட்டாள்: "அப்படியென்றால், கடைசியில் பிடிபட்டவர்தான் கொன்றார் என்பது நமக்கு எப்படித் தெரியும்?"

எட்டுப் பகுதிகளில் ஒருமுறையேனும் தொடர் தன்னைத்தானே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.