யோசனை யாருடையது? பெயர் யாருடையது?

தொழிலாளத் தோழர்களே!

தோட்டத்து ஆபீசுகளில் புதிய உபதேசம் ஒன்று ஆரம்பமாகியிருக்கிறது. "புதுமை செய்வோம், நாளுக்கு நாள் முன்னேறுவோம், நாம் எல்லோரும் ஒரே குழு" என்று சுவரில் எழுதி ஒட்டுகிறார்கள். நல்ல வார்த்தைகள்தாம், யார் மறுக்கப் போகிறார்கள்? ஆனால் கூட்டம் கலைந்ததும், "நம் ஆட்களிடம் யோசனையே கிடையாது" என்று சலித்துக்கொள்கிறது நிர்வாகம். யோசனை சொன்னவனுக்கு இதுவரை என்ன செய்தீர்கள் என்று நாம் திருப்பிக் கேட்கிறோம்.

1888-ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தை நிர்வகித்த ரிட்லி, மரத்தைக் கண்டபடி கொத்தாமல், ஒரே வெட்டில் மெல்லிய சீவலாகப் பட்டையை எடுக்கும் முறையை வகுத்தார். 1970-களில் எத்ரல் மருந்து பரவியது. இவற்றின் பெருமையை நாம் குறைக்கவில்லை. ஆனால் உயிர்த்தோலில் கத்தி படாமல், ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையை அளந்து சீவுவது காகிதமா, கையா? கை தவறினால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். எத்ரல் அளவு மிஞ்சினால் பட்டை வறண்டு பால் நின்றுபோகும் ஆபத்து உண்டு. அந்த வறட்சியை முதலில் காண்பவர் துரையா? விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் நடக்கும் தொழிலாளியல்லவா!

எங்கள் டிவிஷனில் நடந்ததைச் சொல்கிறேன். மழைக்காலத்தில் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை ஒட்டுவோம். ஒட்டிய இடத்தில் நீர் கசிந்து பட்டை நனைந்தால் அன்று வேலை போச்சு. ஓர் அக்காள், பட்டையின் சொரசொரப்பைச் சுரண்டி, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டி, பாவாடையின் இணைப்பை வெட்டு இல்லாத பக்கமாகத் திருப்பி வைத்தார். அவர் நிரையில் கசிவு நின்றது. துரை வந்து பார்த்தார், மெச்சினார்.

பிறகு? மேலிடத்துக்குப் போன அறிக்கையில் சின்னத் துரையின் பெயர் ஏறியது. அக்காளுக்கோ, பால் நிறுத்த பின் பக்கத்து நிரைகளுக்கும் போய் ஒட்டிவிட்டு வரும் வேலை. அந்த நேரத்துக்குச் சம்பளம் இல்லை. செக்ரோல் எழுதியவன் நான். மேலே உத்தரவில்லை என்று எழுதாமல் விட்டேன். அது இன்றும் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

அடுத்த மழைக்கு வேறொருவர் இன்னொரு யுக்தி கண்டார், வாயே திறக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "சொன்னால் மரக்கணக்கைக் கூட்டிவிடுவாங்க, கிராணி ஐயா" என்றார்.

யோசனை இல்லாத தோட்டத்தின் இரகசியம் இதுதான், தோழர்களே! யோசனை வற்றிப் போகவில்லை. பயத்தில் உறைந்து கிடக்கிறது. தொழிலாளி புதுமைக்கு விரோதி என்பது வீண் பழி. தன் யோசனையே தன் முதுகில் சுமையாக ஏறுவதைத்தான் அவன் வெறுக்கிறான்.

ஆகவே தோட்டக் கமிட்டிகள் இவற்றை வற்புறுத்த வேண்டும். யோசனை சொன்னவர் பெயர், தேதியோடு புத்தகத்தில் ஏற வேண்டும். சில நிரைகளில் சோதித்து, பலன் வந்தாலும் வராவிட்டாலும் எல்லோருக்கும் தெரியச் சொல்ல வேண்டும். யோசிக்கும் கூட்டமும் சோதிக்கும் வேலையும் சம்பள நேரத்தில் நடக்க வேண்டும். மிச்சமாகும் லாபத்தில் பங்கு வேண்டும். அதைச் சாக்காக வைத்து மரக்கணக்கைக் கூட்டக் கூடாது. குழுவின் தலைமையில் கத்தி பிடிப்பவரும் இருக்க வேண்டும். வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த தோழருக்கும் அதில் இடம் வேண்டும்.

கிராணிமார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பேனா நம் கையில் இருக்கிறது. பாலின் எடையைக் கிலோ தவறாமல் எழுதும் நாம், அந்தப் பாலைப் பெருக்கிய மூளையின் பெயரை எழுதத் தயங்கலாமா?

முதலில் பெயரை எழுதுங்கள். முன்னேற்றம் தானே வரும்!