சிறு வணிகருக்கும் எட்டவேண்டிய கணக்கு

தீபாவளிக்கு எத்தனை புடவை இறக்குவது, அதற்கு எவ்வளவு கடன் எடுப்பது என்பது வெள்ளவத்தைப் புடவைக்கடைக்காரர் ஆண்டுதோறும் எடுக்கும் பெரிய முடிவு. விலை ஏறுமுன் பருப்பையும் செத்தல் மிளகாயையும் மூட்டையாக வாங்கிவைப்பதா, காசைக் கையில் வைத்திருப்பதா என்பது கொட்டாஞ்சேனைப் பலசரக்குக் கடைக்காரரின் கவலை. 2022 ஜூலையில் மத்திய வங்கி தன் கடன் வழங்கல் வட்டி வீதத்தை 15.5 சதவீதமாக்கியது, செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. அத்தகைய காலத்தில் தவறாக வாங்கிய சரக்கு ஒரு கடையையே மூடவைக்கும். பெரும் அங்காடிகள் நம்பியிருக்கும் இயந்திரக் கற்றலும் உகப்பாக்கமும் சிறு வணிகருக்கும் கிடைக்கவேண்டும். அதற்கு அவர்கள் தரவில் ஒன்றுசேரவேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

இயந்திரக் கற்றல் பழைய விற்பனையைக் கொண்டு வரப்போகும் கேள்வியைக் கணிக்கிறது. கையிலுள்ள முதலுக்குள் எதை எவ்வளவு வாங்குவது நல்லது என்பதை உகப்பாக்கம் தேர்கிறது. ஒரு புடவை விற்றால் 2,000 ரூபா இலாபம், தேங்கினால் 1,000 ரூபா நட்டம் என்று கொள்வோம். மூன்று பருவங்களில் இரண்டிலாவது கேள்விக்குப் போதுமான அளவு வாங்குவதே நாளடைவில் கூடிய இலாபம் தரும். வட்டி ஏறி நட்டமும் 2,000 ரூபா ஆனால், இரண்டு பருவங்களில் ஒன்றுக்குப் போதுமான அளவோடு நிறுத்தவேண்டும். இதற்குப் பொருள்வாரியாக எழுதிய விற்பனைக் கொப்பியே போதும். ஒரு இலட்சம் தரவுத் தொடர்களைக் கொண்டு 2018 இல் நடந்த எம்4 முன்கணிப்புப் போட்டியில், இயந்திரக் கற்றலை மட்டும் நம்பிய முறைகள் எளிய புள்ளியியல் முறைகளின் கூட்டுச் சராசரியிடம் தோற்றன. 2020 இல் வால்மார்ட் விற்பனைத் தரவை வைத்து நடந்த எம்5 போட்டியிலோ, பல பொருள்களின் விற்பனையைச் சேர்த்துப் படித்த இயந்திரக் கற்றலே முன்னுக்கு வந்தது. தனிக்கடைக்கு எளிய கணக்கு. பல கடைகள் சேர்ந்தால்தான் இயந்திரக் கற்றலுக்குப் பலன்.

2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலையும் 2022 நெருக்கடியையும் எந்தக் கணினி முன்னறிந்தது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வீட்டு விலைக் கணிப்பை நம்பி வீடுகளை வாங்கிய அமெரிக்காவின் ஸில்லோ நிறுவனம், 2021 நவம்பரில் அந்தத் தொழிலையே கைவிட்டது. ஆகவே புதிய கிளை திறப்பது போன்ற முடிவைக் கணினியிடம் ஒப்படைக்கக் கூடாது. ஆனால் வியாபாரம் மூன்றில் ஒரு பங்கு விழுந்தால் கடன் தவணையைக் கட்டமுடியுமா என்று கடன் எடுக்குமுன் கணக்கிட்டுப் பார்க்கலாம். அனுபவம் போதாதா என்பது அடுத்த கேள்வி. அனுபவம் இல்லாமல் கணிப்பே பிழைக்கும். தீபாவளி 2023 இல் நவம்பர் 12, 2025 இல் ஒக்டோபர் 20. ஆங்கில மாதத்தை மட்டும் பார்க்கும் மென்பொருள் இதைத் தவறவிடும். ஆடியில் கல்யாணப் புடவை விற்பனை மந்தமாவதையும், ஜூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளையும் வணிகரே அதற்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும்.

தொழில் இரகசியம் வெளியேறும் என்ற அச்சத்தையும் ஒதுக்கமுடியாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆட்களின் விவரங்களுக்கானது; கொள்விலையைக் காக்க வணிகரிடையே தனி உடன்படிக்கை வேண்டும். பொருளும் எண்ணிக்கையும் திகதியும் மட்டும் பொதுவில் சேரட்டும். கொள்விலையும் கடன் கொப்பியும் கடைக்குள்ளேயே இருக்கட்டும். வர்த்தக சங்கங்கள் இதை முன்னின்று தொடங்கவேண்டும். கொழும்பு, மொறட்டுவைப் பல்கலைக்கழகங்கள் தமிழிலும் சிங்களத்திலும் கைப்பேசியில் இயங்கும் கருவியை உருவாக்கித் தரவேண்டும். அதற்கான செலவை அரசு ஏற்கவேண்டும். அடுத்த நெருக்கடிக்குப் பின் நிவாரணம் கொடுப்பதைவிட இது மலிவானது.