ஆராயாத மருத்துவம் ஆகுமா?

"மருத்துவருக்கு ஆராய்ச்சி எதற்கு? நோயைக் கண்டு மருந்து கொடுத்தால் போதாதா?" என வினவுவோர் நம்மிடையே உளர். பல்கலைக்கழக மருத்துவத் துறையில் பயிற்சி பெறும் இளம் மருத்துவர் ஆய்வில் செலவிடும் ஒவ்வொரு நாழிகையும் நோயாளியிடமிருந்து பறித்த நாழிகை என்பது அவர்தம் வாதம். மருத்துவமனைக் கூடத்தில் நெடுநேரம் காத்திருக்கும் ஏழையை எண்ணி எழும் வாதமாதலின் அதனை எள்ளி நகைத்தல் தகாது. ஆயினும் அது பிழையான வாதமே.

1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணையாளரிடையே கொடிய மூளைக்காய்ச்சல் தோன்றியது. பின்னர் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதினர். கொசுவை ஒழிக்கப் புகையடித்தனர், தடுப்பூசி போட்டனர். சாவு நின்றதா? இல்லை! ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரிதும் சிறுவரைத் தாக்குவது. இங்கே வீழ்ந்தோரோ வளர்ந்த ஆடவர். பன்றிகளோடு நெருங்கி உழைத்தவர். தடுப்பூசி பெற்றவரும் தப்பவில்லை. நூலில் படித்ததும் படுக்கையில் கண்டதும் முரண்பட்டன. அம்முரண்பாட்டைக் கண்டு "ஏன்?" எனக் கேட்பதுதானே ஆராய்ச்சி!

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதியதொரு நச்சுக்கிருமியைக் கண்டறிந்தார். சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயரால் அது நிப்பா வைரஸ் எனப்பட்டது. அப்பல்கலைக்கழக மருத்துவர்கள் தாம் பார்த்த 94 நோயாளிகளின் குறிகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். நூற்றுக்கு 93 பேர் பன்றிகளோடு நேரடித் தொடர்புடையவர் எனக் கண்டனர். மலேசியாவில் 265 பேர் நோயுற்று, 105 பேர் மாண்டனர். பகைவன் கொசு என்றே நம்பியிருந்தால் இன்னும் எத்தனை உயிர்களை இழந்திருப்போம்?

இம்மரபு புதியதன்று. கோலாலம்பூரில் அப்பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலம் உருவானபோது அதன் முதல் தலைவராய் அமர்ந்த பேராசிரியர் டி. ஜே. தனராஜ், ஈசினோபில் நுரையீரல் நோயை ஆழ்ந்து ஆராய்ந்தவர். கற்பித்தலும் ஆய்தலும் பிணி தீர்த்தலும் அவரிடம் ஒன்றாயிருந்தன.

பதவி உயர்வுக்காகக் கட்டுரைகளை எண்ணிக் குவிப்பதையா ஆராய்ச்சி என்கிறோம்? அன்று; அது வெறும் வாணிகம். நோயாளியிடம் பிறந்து நோயாளிக்கே திரும்பும் வினாவே ஆராய்ச்சி. அதற்குரிய நேரத்தையும் வழிகாட்டும் ஆசானையும் பயிற்சிக் காலத்திலேயே ஒதுக்கித் தருதல் மருத்துவத் துறைகளின் கடமை, சலுகையன்று.

ஆசிரியப் பெருமக்களே! மருந்து என்னும் குறளதிகாரத்தை ஆண்டுதோறும் நடத்துகிறோம். பிணியின் காரணத்தைத் தேடிய பின்னரே தீர்க்கும் வழியைத் தேடுமாறு வள்ளுவர் பணித்ததை மாணவர்க்கு விளக்குகிறோம். ஆனால், வகுப்பில் "ஏன்?" எனக் கேட்கும் மாணவனை "பாடத்தை மனப்பாடம் செய்" என்று அமர்த்திவிடுகிறோம். அவனே நாளை மருத்துவனாகி நம் படுக்கையருகே நிற்பான். அன்றும் அவன் வினவாது நின்றால், பழி யாருடையது?